அவனுக்குத் தெரியாத கேமரா

ஜூன் 4

அத்தைக்கு,

தையற்கடை அம்மாவின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். அவர் உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்பார். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். போனில் பேசலாமே என்று நினைக்க வேண்டாம். உங்கள் போனும் உங்கள் பிள்ளை வாங்கி, பிரித்து, எல்லாம் ஏற்றிக் கொடுத்ததுதான். என் பழைய போன் வழியாக நான் போகிற இடம், பேசுகிற ஆள் எல்லாம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது என்பது கோர்ட்டில்தான் எனக்கே தெரிந்தது.

நானும் உங்கள் பேத்தி வாலுவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத வரவில்லை. இருக்கிறோம். ஒரு சலவை நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். உறையின் பின்னால் இருப்பது அந்த நிலையத்தின் முகவரி. வீட்டு முகவரியை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. என் புது போன் நம்பரையும் சொல்ல மாட்டேன். தெரிந்தால் அவர் கேட்கும்போது உங்கள் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழே குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் ஓர் ஆள் வந்து, "ஒரு பொண்ணு, கூட ஒரு சின்னப் புள்ள, புதுசா குடிவந்திருக்காங்களா?" என்று விசாரித்திருக்கிறான். என்னிடம் இருக்கிற கோர்ட் உத்தரவை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனேன். அவர் எங்கள் பக்கத்தில் வரவே கூடாது என்று அதில் இருக்கிறது. "அவரே வந்தார்னு காட்டுங்கம்மா, அன்னைக்கே உள்ள தள்ளிடறோம். ஆனா முகம் தெரியணும்" என்றார்கள்.

அதனால் கேமரா வாங்கப் போனேன். கண்ணாடி அலமாரி முழுக்க நம் கேமராக் கடையில் இருக்கிற அதே பெட்டிகள். "வீட்டுக்கு உள்ளயா, வெளியவா? வயரா, வைஃபையா? ரெக்கார்டர் வேணுமா, மெமரி கார்டு போதுமா?" என்று விற்பனையாள் அடுக்கிக்கொண்டே போனார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் அது அவர் கையில் ஏற்கெனவே புரண்டதாகத்தான் இருக்கும். திருடனுக்குப் பயந்தவர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். கேமரா மாட்டுகிறவருக்கே பயந்தவள் எதை வாங்குவது? ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் அந்தக் கல்லாவிலேயே காலம் தள்ளியவர். எந்தக் கேமராவைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும், எதை அவரால் ஏமாற்ற முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் எழுதுங்கள்.

அவர் என்னை அடிக்கும்போதெல்லாம் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதற்கு ஈடாக இதைக் கேட்கவும் இல்லை. கேட்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மருமகள்


ஜூன் 9

அம்மாடி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தையற்கடை அம்மாவின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள் மாதிரி நடித்துக்கொண்டு படித்தேன். இந்த வயதில் எனக்கு எதற்குப் புது ஜாக்கெட் என்று அந்த அம்மாவே சிரிக்கிறார். டிவியைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதப் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். அதை அப்படியே விட்டுவிடு.

அவன் இப்போது ஒழுங்காகத்தான் இருக்கிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான், கடையைத் திறக்கிறான், வாடிக்கையாளர்களிடம் கத்துவதில்லை. அந்த ஆளை அவன் அனுப்பியிருப்பான் என்று என் மனசு ஒப்பவில்லை. என் மனசு ஒப்பாத காரியங்கள் எத்தனையோ நடந்துவிட்டதே என்றும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வெறும் வைஃபையை நம்புகிற கேமரா வாங்காதே. அவன் பையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பானே, அதை அமுக்கினால் சுற்றியிருக்கிற வைஃபை எல்லாம் செத்துவிடும். வாடிக்கையாளர் முன்னால் அதை அமுக்கிக் காட்டித்தான் வயர் கேமராவை அவர்கள் தலையில் கட்டுவான். ஆகவே உனக்கு வயர் கேமராதான் சரி.

வயர் என்றால் ரெக்கார்டர் பெட்டி வேண்டும், அதற்குள் ஹார்ட் டிஸ்க் வேண்டும். விஷயம் தெரிந்தவன் முதலில் அந்தப் பெட்டியைத்தான் தூக்குவான். பரணில் வை, அலமாரிக்குள் வை என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்வதே அவன்தான், அங்கேதான் முதலில் தேடுவான். நீ அழுக்குத் துணிக் கூடைக்குப் பின்னால் வை. அவன் பிறந்ததிலிருந்து அழுக்குத் துணியைத் தொட்டதில்லை. அதற்கு நான்தான் சாட்சி.

கரண்ட் மீட்டர் வாசலில் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் படி ஏறுவான். பேட்டரி வைத்த பவர் பேக்கப் இல்லாமல் எதையும் மாட்டாதே.

இன்னொன்று முக்கியம். எல்லாரும் கேமராவை உயரத்தில் மாட்டுவார்கள், யாருக்கும் எட்டாது என்று. எட்டாதுதான், ஆனால் படத்தில் உச்சந்தலையும் தொப்பியும்தான் விழும். உச்சந்தலையை வைத்துக்கொண்டு போலீஸ் யாரைப் பிடிக்கும்? நீ கதவுக்குப் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் மாட்டு. தொப்பியை எவ்வளவு இறக்கினாலும் கீழேயிருந்து பார்க்கிற கண்ணுக்கு முகம் தெரியும். ரொம்ப அகலமாகக் காட்டுகிற லென்ஸும் வேண்டாம். தெரு முழுக்கத் தெரியும், ஆள் எறும்பு மாதிரி தெரிவான்.

வாலு சாப்பிடுகிறாளா? என்னைக் கேட்கிறாளா?

அத்தை


ஜூன் 14

அத்தைக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஒன்றும் நடக்காது.

வயர் இழுக்க வேண்டுமென்றால் சுவரில் துளை போட வேண்டும். வீட்டுக்காரம்மா ஆணி அடிக்கவே முகம் சுளிக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், துளை போட ஆள் கூப்பிட வேண்டும். கேமரா மாட்டுகிறவர்கள் எல்லாரும் போனில் ஒரே குழுவில் இருக்கிறார்கள், உங்களுக்கே தெரியும். அவர் காப்பி குடிக்கும்போது அதைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். எந்த ஊரில் எந்த வீட்டில் என்ன மாட்டினேன் என்று போட்டோ எடுத்துப் போடாமல் அவர்களில் ஒருத்தருக்கும் தூக்கம் வராது. என் கதவு அந்தக் குழுவில் வந்தால் நான் முகவரியைத் தபாலில் எழுதி அனுப்பின மாதிரிதான்.

அதனால் நானே மாட்டுகிற மாதிரி வேண்டும். துளை இல்லாமல், ஆள் இல்லாமல், கரண்ட் இல்லாமல் ஓடவேண்டும். முகம் தெரிய வேண்டும். வைஃபை செத்தாலும் படம் சாகக்கூடாது. இப்படி ஒன்று இருக்கிறதா, இல்லை நான் பைத்தியக்காரி மாதிரி கேட்கிறேனா?

அவர் ஒழுங்காக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் கை எலும்பு முறிந்ததற்கு முந்தின வாரமும் அவர் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நேற்று வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "ஒரு மாமா என் பேரு கேட்டாரும்மா" என்றாள். நீ சொன்னாயா என்றேன். "இல்ல, வேற பேரு சொன்னேன்" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை பொய்ப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதற்கு நான் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினேன். அப்புறம் சமையலறையில் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஆமாம், உங்களைக் கேட்கிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.

மருமகள்


ஜூன் 18

அம்மாடி,

நீ பைத்தியக்காரி இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு வருகிற பார்சலில் அதுதான்.

நம் கடையின் கீழ்த்தட்டில், வயர் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. யாரோ வாங்கிப் போய்ப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தது. அதை அவன் மறந்தே போய்விட்டான். துடைப்பத்தை எடுக்கக் குனிகிற மாதிரி குனிந்து பைக்குள் போட்டுக்கொண்டேன். என் நெஞ்சு அடித்த அடியில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அவனுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். "முட்டி வலிக்குதாம்மா? உக்காரும்மா, நான் கூட்டறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சரி, பொருளைப் பற்றிச் சொல்கிறேன். இதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் பல நாள் வரும். மெமரி கார்டும் உள்ளேயே இருக்கிறது, வைஃபை செத்தால் படம் அந்தக் கார்டில் ஏறும், வைஃபை திரும்பி வந்ததும் உன் போனுக்கு வந்துவிடும். பின்னால் இருக்கிற பசையை உரித்து ஒட்டினால் போதும், ஆணியே வேண்டாம். ஆள் பக்கத்தில் வந்தால் தானாக விழித்துக்கொள்ளும். பேசவும் செய்யும், வெளியே நிற்கிறவரோடு நீ உள்ளே இருந்தபடியே போனில் பேசலாம். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே, அதன் வழியாகக் கேள்.

ஒரே குறை, யாரும் கையால் பிடுங்கிவிடலாம். பிடுங்குவதற்கு முன் முகத்தைப் பிடித்துவிட்டால் நமக்குப் போதும். உன் புது போனில் அதற்கான ஆப்பை ஏற்றி, பெட்டியில் இருக்கிற கட்டம்போட்ட க்யூஆர் குறியைக் காட்டு. அதுவே வழி சொல்லும்.

வாலுவுக்கு ஒரு ஜோடி காலுறை வைத்திருக்கிறேன். அளவு கண்மதிப்பில் எடுத்தது. வளர்ந்திருந்தால் பொம்மைக்குப் போடச் சொல்.

அத்தை


ஜூன் 23

அன்புள்ள அத்தை,

மாட்டிவிட்டேன்! நானே, யாரும் இல்லாமல், நீங்கள் சொன்ன மாதிரி கதவுக்குப் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில்.

முதலில் தலைகீழாக ஒட்டி, வீட்டுக்காரம்மா தலைகீழாக வந்து, வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. போனில் சேர்க்கும்போது மட்டும் கொஞ்சம் பாடுபடுத்தியது. குறியைக் காட்டியதும், உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்கவும் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. என்ன உரிமையாளர், நான்தானே என்று எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுந்தபோது தானாகவே திறந்துகொண்டது. என் கதவு, என் படி, எதிர்ச் சந்தில் இருக்கிற பள்ளிக்கூடப் பலகை எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிகிறது.

அன்று படுத்ததும் தூங்கினேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் வரும்போதும் கேமராவுக்கு முன்னால் நின்று அந்த ஓட்டையைக் காட்டிவிட்டுத்தான் நகர்கிறாள். காலுறை சரியாக இருக்கிறது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? முன்பே கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் மருமகள்


ஜூன் 28

கேமராவைக் கழற்று. பேட்டரியைப் பிடுங்கித் தண்ணீரில் போடு. மீதியைப் பிறகு படி.

உன் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. அனுமதி கேட்டது, தானாகத் திறந்தது என்று எழுதியிருக்கிறாயே, அது தானாகத் திறக்கவில்லை அம்மாடி. அவன் திறந்தான்.

கடைக்குச் சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியின் குறியையும் அவன் தன் கணக்கில் ஏற்றிவிடுவான். யாருக்கு விற்றாலும் அவன் போனில் சரி என்று அமுக்கினால்தான் அது வாங்கினவருக்குத் திறக்கும். "பாஸ்வேர்டை மறந்துட்டு நம்மகிட்டதானே ஓடி வருவாங்க" என்பான். எனக்கு இது தெரியும். தெரிந்தும் திரும்பி வந்த பெட்டியில் அது இருக்காது, அவன் அழித்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவன் எதையும் அழிக்கிறவன் இல்லை.

நாலைந்து நாளாகவே போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். "பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்திருச்சும்மா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். கனவு கண்டிருப்பான் என்று நினைத்து, பிள்ளை ஏக்கம் என்று மனசுக்குள் அழுதேன். இப்போது உன் கடிதத்தில் அதே பல்லைப் படிக்கிறேன். அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். எதிர்ச் சந்தில் பள்ளிக்கூடப் பலகை தெரிகிறது என்று வேறு எழுதியிருக்கிறாய்.

இன்று காலையிலேயே கருவிப் பையோடு வண்டியில் கிளம்பிப் போய்விட்டான். "தூரத்துல ஒரு வேலைம்மா" என்றான். எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சலவை நிலையத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, தையற்கடை அம்மாவின் போனிலிருந்து அடித்தேன். "அப்படி யாரும் இங்க வேலை செய்யல" என்று வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தேன், கெஞ்சினேன், அதே பதில்தான். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் நம்பர் என்னிடம் இல்லை. வீடு எங்கே என்று தெரியாது. போலீசுக்குச் சொல்லலாம் என்று போனை எடுக்கிறேன், விரல் அமுக்க மாட்டேன் என்கிறது. என் பிள்ளையைப் பிடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் உன்னை என்ன செய்வான்? ஐயோ, நான் என்ன செய்வேன்.

இதைக் கூரியரில் போடுகிறேன். நாளைக்குத்தான் வருமாம். அவன் மத்தியானமே அங்கே வந்துவிடுவான்.

"அவன் போன்ல பாக்கறத நீங்க கடை கம்ப்யூட்டர்ல பாக்க முடியாதா?" என்று தையற்கடை அம்மா கேட்கிறார்.

முடியும். அதே கணக்கு அதிலும் திறந்தேதான் இருக்கும். நான் போகிறேன், மீதியை


ஜூலை 2

அத்தைக்கு,

உங்கள் பாதிக் கடிதம் வந்தது, தையற்கடை அம்மாதான் கூரியரில் போட்டிருப்பார். அது வருவதற்கு முந்தின நாளே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அன்று வாலுவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் அவளோடு இருந்தேன். கதவுக்கு வெளியேயிருந்து உங்கள் குரல் கேட்டது. "அம்மாடி, நான்தான். வாலுவத் தூக்கிக்கிட்டுக் கீழ ஓடு. கேக்காத, ஓடு." நீங்கள் நேரில் வந்துவிட்டீர்கள் என்றுதான் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. அந்தப் பெட்டி மட்டும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஓடினேன். வீட்டுக்காரம்மாவின் குளியலறையில் மூன்று பேரும் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு நின்றோம்.

அவர் படியேறுகிற சத்தம் கேட்டது. என்ன பேசினார் என்று சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் நீங்கள் உச்சக் குரலில், "டேய், வேணாம்டா, திரும்பி வந்துடுடா" என்றீர்கள். பிறகு அவர், "அம்மா? நீ எங்கம்மா இருக்க?" என்றார். தொலைந்துபோன பிள்ளை மாதிரி கேட்டார். அடுத்தது எல்லாம் உடைகிற சத்தம். கேமரா, கதவு, உள்ளே இருந்த பாத்திரங்கள். வாலுவின் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் காதைப் பொத்த ஆளில்லை.

போலீஸ் வந்தபோது அவரும் இல்லை, கேமராவும் இல்லை, அதற்குள் இருந்த கார்டும் இல்லை. என் போனில் அந்த ஆப் திறக்கவே இல்லை, அனுமதியை அவர் எடுத்துவிட்டிருந்தார். முகத்தை யாரும் பார்க்கவில்லை. குரலைக் கேட்டோம் என்றால் அது போதாதாம். கடைக்குப் போன் பண்ணிக் கேட்டார்களாம். எடுத்தது நீங்கள்தானாம்.

"என் பையன் காலையிலேருந்து கடையிலதான் இருக்கான்."

அந்த அதிகாரி இதை என்னிடம் அப்படியே படித்துக் காட்டினார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. என்னை ஓடச் சொன்னதும் நீங்கள், அவர் வரவே இல்லை என்று சொன்னதும் நீங்கள். அத்தை, இதில் யார் நீங்கள்? நான் யாரை நம்பிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்?

இப்போது ஒரு விடுதியில் ஒரே கட்டிலில் இருக்கிறோம். சில நாட்களுக்குத்தான் இடம். வீட்டுக்காரம்மா பாவம், எங்களைப் போகச் சொல்ல முடியாமல் அழுதார், நாங்களே வந்துவிட்டோம். அடுத்த ஊர் எது, அதில் எந்தக் கதவு, அதில் என்ன மாட்டுவது என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அவர் மறுபடி வருவார். இந்தத் தடவை உங்கள் குரல் இருக்காது.

நீங்கள் கம்ப்யூட்டரில் பார்த்தீர்கள். அப்படியென்றால் படம் அங்கே விழுந்திருக்கும். அவர் கடைக்கு வந்ததும் அழித்திருப்பார். அழித்துவிட்டார் என்றால் அழித்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், நான் எதிர்பார்க்காமல் இருந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எடுத்து வைத்திருந்தால், அதைப் போலீசிடம் கொடுங்கள். பெற்றவளிடம் இதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நானும் பெற்றவள், அதனால் கேட்கிறேன்.

"பாட்டி ஏம்மா பொட்டிக்குள்ள இருந்தாங்க?" என்று வாலு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் என்ன சொல்ல?

மருமகள்


ஜூலை 7

அம்மாடி,

யார் நீங்கள் என்று கேட்டிருந்தாய். இத்தனை நாளும் எனக்கே தெரியவில்லை.

போலீஸ் போன் வந்தபோது அவன் இன்னும் திரும்பி வந்து சேரவில்லை. நான் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகன் எங்கே என்று கேட்டதும், நான் யோசிப்பதற்கு முன்னால் வாய் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எவன் மண்டையையாவது உடைத்துவிட்டு வந்து என் பின்னால் ஒளிந்துகொள்வான். அப்போதெல்லாம் சொல்லிப் பழகின வாய் இது.

அவன் சாயங்காலம் கடைக்குத்தான் வந்தான். திட்டுவான், அடிப்பான் என்று நின்றேன். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். "நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டல்லம்மா?" என்றான். நான் கொண்டுபோயிருந்த சாப்பாட்டைப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் என் கண்ணெதிரிலேயே கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான்.

ஆனால் அவன் வருவதற்கு முன்னாலேயே நான் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். எதற்காக ஏற்றினேன் என்று கேட்காதே. கை செய்தது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று இருந்தேன்.

அவன் கேமரா மாட்ட வெளியே போனதும் தினமும் கடையில் அதைப் போட்டுப் பார்த்தேன். இது என் பிள்ளை இல்லை என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்றுதான் பார்த்தேன். படியேறி வருகிறான். தலையை வாரிக்கொள்கிறான். உன் கதவைத் தட்டி, "வாலு, அப்பா வந்திருக்கேன்டா தங்கம், கதவத் திற" என்கிறான். எவ்வளவு இதமான குரல் தெரியுமா? அந்தக் குரலை நம்பித்தான் நான் இத்தனை காலமும் இருந்தேன். இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவன் மனசுக்குள் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேமரா பக்கவாட்டில் இருந்ததால் பின்னால் மடக்கியிருந்த கையும் தெரிகிறது. அதில் சுத்தியல். அந்தக் குரல் வருகிற நேரம் முழுக்க அந்தக் கை சுத்தியலை இறுக்கி இறுக்கிப் பிடிக்கிறது. பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடும்போதும் இறுக்குகிறது.

உன் கடிதத்தை நேற்றுப் படித்தேன். இன்று காலை தையற்கடை அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றார்.

"என் பையன்."

"அன்னைக்குக் கடையில இருந்தான்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

எழுதி வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். அவன் மோப்பம் பிடித்து ஓடிவிடக்கூடாது, வீட்டிலேயே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், மத்தியானம் வருகிறோம் என்றார்கள். கடைக்குப் போய், "இன்னைக்கு வீட்டுக்கு வந்து சூடா சாப்பிடுடா" என்று சொன்னேன். சந்தோஷமாக வந்துவிட்டான்.

உன்னிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அதற்கு முகமில்லை. என்னை உன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடாதே. இவனை நான் ஜெயிலுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், இவனுக்கு வக்கீல் பார்க்க வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு நீ என்னை வெறுத்தாலும் அதற்கு உனக்கு உரிமை உண்டு, இவனும் என்னை வெறுக்கப் போகிறான், அதற்கு இவனுக்கும் உரிமை உண்டு. வாலுவிடம் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல். புதுக் கதவுக்கு நீயே கடைக்குப் போய்க் கேமரா வாங்கு. கை நடுங்காமல் வாங்கு. நல்ல பெட்டி எது என்று உனக்கே இப்போது தெரியும்.

பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "என்னம்மா எழுதற?" என்று கேட்டான். கடைக்கு வாங்க வேண்டிய சாமான் என்றேன். "பேட்டரி கேமரா ரெண்டு பெட்டி சேத்து எழுதிக்கம்மா, நல்லா போகுது" என்கிறான். இன்னும் கொஞ்சம் சாப்பாடு கேட்டான், வைத்துவிட்டு வந்தேன். நல்ல பசி போலிருக்கிறது.

தெருவில் வண்டி வந்து நிற்கிறது. "யாரும்மா வாசல்ல?" என்கிறான்.

நான்தான் போய்த் திறக்க வேண்டும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியிலேயே நிற்கச் சொல்லி அவர்களிடம் கேட்கப் போகிறேன்.

அத்தை